நான் எழுதாமல் விட்ட நான்கு நிமிடங்கள்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் வேலையில் நான் செய்த ஒரு தப்பிலிருந்து வந்தது. அதிகாலை நடை, ஜன்னலோரப் பயணம், திடீரென்று உதித்த வரி என்று மற்ற எழுத்தாளர்கள் சொல்வார்களே, அந்த மாதிரி எனக்கு ஒன்றும் உதிக்கவில்லை. தொழிலாளர் அலுவலகத்து விசாரணைகளில் பேசப்படுவதை எழுதிக்கொள்ளும் பதிவு எழுத்தர் நான். இருபத்தாறு வருடமாக இதே வேலை. எதிரில் யார் கத்தினாலும், யார் அழுதாலும், என் கை பாட்டுக்கு ஓடும். அழுதால் (அழுகிறார்) என்று அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். ஓய்வு நேரத்தில் கதை எழுதுகிறவள் என்றாலும் அலுவலகத்தில் எனக்கு மனசு கிடையாது, கை மட்டும்தான் என்று பெருமையடித்துக்கொள்வேன்.

அந்தக் கை ஒரு நாள் பகல் பதினொன்றே காலுக்கு நின்றுபோனது. நான்கு நிமிடம் நின்றது.

இப்போது ஒரு கல்லூரியில், முதல்வர் அறைக்கு வெளியே, மரப் பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உள்ளே மூன்று பேர் கொண்ட குழு ஒரு மாணவியை விசாரிக்கிறது. இரண்டாம் வருடம் படிக்கிறாள். அவள் இங்கே தொடர்ந்து படிப்பாளா, பெட்டியைக் கட்டுவாளா என்பது இன்றைக்குத் தெரிந்துவிடும். அவள் மேல் சொல்லப்படும் குற்றத்துக்கு ஆதாரம் ஒரே ஒரு தாள். அது என் கையெழுத்தில் இருக்கிறது.

(பெஞ்சில் என் பக்கத்தில் அவளுடைய அம்மா. நான் என்ன எழுதுகிறேன் என்று கேட்டார். கதை என்றேன். "இப்பவா?" என்றார். நியாயமான கேள்விதான்.)

2

தொடக்கம் ஒன்று: "அவள் பிறந்த அன்று வானம் பொத்துக்கொண்டு ஊற்றி—"

விடுங்கள். அன்று என்ன ஊற்றியது என்று எனக்கென்ன தெரியும்? அம்மாவிடமே கேட்டேன். "வெயில்னு நெனைக்கிறேன் மேடம். எனக்கு வேர்த்துச்சு," என்றார்.

தொடக்கம் இரண்டு: "ஒரு தெருவின் விடியல் ஒரு பெண்ணின் பேனா முனையில்—"

இதை எழுதிய கையை நானே கிள்ளிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் இதைப் படித்தால் ஒரு வாரத்துக்கு என்னை "விடியல்" என்றே கூப்பிடுவார்.

தொடக்கம் மூன்று, இதுதான் நடந்தது. மருத்துவமனைத் துணி துவைக்கும் பெண்கள் கொடுத்த ஒரு மனு மேல் எங்கள் அலுவலகத்தில் நடந்த விசாரணை; அதன் முதல் அமர்வு முடிந்த மறுநாள், இப்போது உள்ளே நிற்கிற இந்தப் பெண் என் மேசைக்கு வந்தாள். எண்ணெய் வைத்து இறுக்கப் பின்னிய தலை, தோளில் கனத்த பை. பேசியவர்கள் மறுநாள் வந்து பதிவைப் படித்துப் பார்க்கலாம் என்று ஒரு விதி இருக்கிறது. இருபத்தாறு வருடத்தில் அதைப் பயன்படுத்தியவர்களை எண்ண ஒரு கை போதும். இவள் கேட்டாள். நின்றபடியே பதினாலு பக்கத்தையும் படித்தாள். பிறகு ஏழாம் பக்கத்தில் விரலை வைத்தாள்.

"'சுமார் முப்பது பெண்கள்'னு போட்டிருக்கீங்க மேடம். முப்பத்தேழு பேர். சுமார் இல்ல."

எனக்குச் சுர்ரென்று வந்தது. ஒரு பொடிப் பெண் என் பதிவில் தப்பு கண்டுபிடிப்பதா? ஆனால் மனு நகலைப் புரட்டினால் முப்பத்தேழு கையெழுத்து. திருத்தினேன். திருத்தியதும் நன்றி சொன்னாள், கீழே தேதியும் போடச் சொன்னாள்.

அவளுக்குத் தெருவில் "ஃபாரம்" என்று பெயர். ஏன் என்று அடுத்த பகுதியில் வரும். நானும் அவளை அப்படியே அழைக்கிறேன்.

3

ஃபாரத்தின் தெரு ஒரு பெரிய மருத்துவமனையின் பின்சுவரை ஒட்டியது. அங்குள்ள பெண்களில் பாதிக்கு மேல் அந்த மருத்துவமனையின் சலவைக் கூடத்தில் வேலை செய்பவர்கள். வேலைக்கு வைத்திருப்பது மருத்துவமனை இல்லை, இடையில் ஓர் ஒப்பந்தக்காரர். அறுவை அறை விரிப்புகள், பிரசவ அறைத் துணிகள், காயத்துக்குச் சுற்றியவை எல்லாம் மூட்டை மூட்டையாக வரும். இயந்திரத்துக்குள் போடும் முன் ஒவ்வொன்றையும் கையால் பிரித்து உதற வேண்டும். துணிக்குள் ஊசி கிடக்கும். வார்டில் யாரோ அவசரத்தில் விட்டுவிட்ட ஊசி. கையில் குத்தினால் குழாயில் காட்டிவிட்டு அடுத்த விரிப்பை எடுத்துக்கொள்வார்கள். அவ்வளவுதான் வைத்தியம்.

இந்தத் தெருவில் ஒரு பழக்கம் இருந்தது. பல வருடம் முன்னால், பள்ளியில் ஒரு குழந்தையிடம் அம்மா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டார்கள். குழந்தை உள்ளதைச் சொன்னது. அடுத்த வாரம் மற்ற பிள்ளைகளின் பெற்றோர் திரண்டு வந்து, நோயாளித் துணியைத் தொடுகிற வீட்டுப் பிள்ளையைத் தள்ளி உட்கார வையுங்கள் என்று சண்டை பிடித்தார்கள்.* பள்ளிக்கூடமும் தள்ளி உட்கார வைத்தது. அன்றிலிருந்து அந்தத் தெருவில் யார் எந்தப் படிவத்தை நிரப்பினாலும், அம்மாவின் தொழில் என்ற இடத்தில் "வீட்டில் இருக்கிறார்" என்றுதான் எழுதுவார்கள். யாரும் கூட்டம் போட்டு முடிவெடுக்கவில்லை. சூடு பட்ட கை தானாகப் பின்னால் போவது போல அது நடந்தது.

நிரப்பித் தருவது யார்? தெருவிலேயே கையெழுத்து நன்றாக இருந்த பெண். பதினோரு வயதிலிருந்து அவள்தான். பள்ளிச் சேர்க்கை, நகராட்சியின் வீட்டு விவரம், வங்கி, தபால் நிலையம் என்று எது வந்தாலும், "ஃபாரம் வந்துட்டாளா, ஃபாரத்தைக் கூப்பிடு" என்பார்கள். அப்படியே பெயராகிவிட்டது. வாசல்படியில் உட்கார்ந்து, அட்டையை மடியில் வைத்து, வரிசையாக எழுதித் தருவாள். "வீட்டில் இருக்கிறார்" என்று எத்தனை நூறு தடவை எழுதியிருப்பாளோ, அவளுக்கே கணக்கில்லை.

(* அந்தக் குழந்தை யார் என்று அம்மாவிடம் இப்போது கேட்டேன். பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். "என் தங்கச்சி பொண்ணு," என்றார். "அதுக்கப்புறம் அவளுக்கு ஸ்கூல்னாலே ஆகாம போச்சு.")

4

தெருவிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் ஃபாரம்தான். அவள் வீட்டில் பத்தாவது தாண்டியவர்களே கிடையாது. கல்லூரி என்றால் என்ன நடக்கும், என்ன கொண்டுபோக வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஓர் ஆள் இல்லை.

அதனால் முதல் வாரத்தில் ஒரு தப்பு செய்தாள். சேர்ந்த அன்று எல்லோருக்கும் ஒரு விதிமுறைக் கையேடு கொடுத்தார்கள். அறுபத்திரண்டு பக்கம். மற்ற மாணவர்கள் அதைப் பைக்குள் திணித்து அங்கேயே மறந்தார்கள். இவள் அதைப் பாடம் என்று நினைத்துவிட்டாள். ஒரே வாரத்தில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை உருப்போட்டாள். பிறகு வகுப்பில் எழுந்து, இதற்குத் தேர்வு எந்தத் தேதி என்று ஆசிரியரிடம் கேட்டாள். வகுப்பே சிரித்ததாம். மூன்று நாள் யார் முகத்தையும் பார்க்காமல் திரிந்திருக்கிறாள்.

இந்த இடத்தில் நான் பேனாவைக் கீழே வைத்து மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அந்தத் தப்பிலிருந்துதான் எல்லாம் வந்தது. படித்தது படித்ததாயிற்று, தலையில் இருக்கிறது. நூலகத்தில் ஒரே சமயத்தில் எத்தனை புத்தகம் எடுக்கலாம், காய்ச்சல் வந்தால் தேர்வைத் தள்ளி எழுத யாரிடம் மனு தர வேண்டும், விடுதியில் தண்ணீர் வராவிட்டால் யார் பொறுப்பு, எல்லாம் பக்க எண்ணோடு தெரியும். சிரித்தவர்களே ஒவ்வொருவராக வந்து கேட்க ஆரம்பித்தார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகளும் வந்தார்கள். ஒரு தடவை கல்லூரி அலுவலக மேலாளரே ஆள் அனுப்பிக் கேட்டாராம். அந்தக் கட்டடத்தில் என்னென்ன கேட்டு வாங்கலாம் என்று முழுதாக அறிந்த ஒரே ஆள், அதற்குள் கடைசியாக வந்து சேர்ந்த ஆள்.

ஒரு நாள் வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே அம்மாவிடம் கேட்டாளாம்: "காலேஜுக்கு இப்படி ஒரு புஸ்தகம் இருந்தா, ஆஸ்பத்திரிக்கும் ஒண்ணு இருக்கும்ல?"

இருந்தது. அதை வாங்க அவள் மருத்துவமனைக்குப் பதினோரு தடவை நடந்தாள். அந்த மேசை, இந்த மேசை, நாளைக்கு வா, அப்புறம் வா. பன்னிரண்டாவது தடவை எரிச்சலில் ஒருவர் தூக்கிக் கொடுத்துவிட்டார். நூற்றுப் பதினாலாம் பக்கத்தில் இருந்தது: நோயாளிகளின் துணியைக் கையாளும் அனைவருக்கும், அவர்களை யார் வேலைக்கு வைத்திருந்தாலும், தடுப்பூசியும் வருடம் ஒருமுறை ரத்தப் பரிசோதனையும் மருத்துவமனை செய்து தர வேண்டும். தெருவில் ஒருவருக்கும் இதுவரை ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்ததில்லை.

அதே மாதம் அவளுடைய சித்திக்குக் கண் மஞ்சளானது. அந்த வருடத்தில் மட்டும் மூன்று தடவை ஊசி குத்தியிருந்தது. பத்து வருடமாக எந்த மருத்துவமனைக்கு விரிப்புத் துவைத்தாரோ அங்கேயே போனார். நீ இங்கே வேலை செய்கிறவள் என்பதற்கு ஒரு சீட்டும் இல்லையே என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஃபாரம் அட்டையை மடியில் வைத்தாள். இந்தத் தடவை தெருவுக்காக அவளே எங்கள் தொழிலாளர் அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதினாள். வீடு வீடாகப் போய்ப் படித்துக் காட்டினாள். முப்பத்தேழு பெண்கள் கையெழுத்துப் போட்டார்கள். அவளுடைய அம்மா மட்டும் போடவில்லை. பத்தொன்பது வருடம் அதே கூடத்தில் வேலை செய்தவர். மகள் கல்லூரியில் படிக்கிறாள், தன் வேலை ஊருக்கெல்லாம் தெரிய வேண்டாம் என்றார். எவ்வளவு சொல்லியும் அசையவில்லை.

5

இதுவரை படித்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். வராவிட்டால் என் மேல் தப்பு. இவ்வளவு நல்ல பெண் எங்காவது உண்டா?

எனக்கும் இருந்தது. நல்லவர்களை எழுத எனக்கு வராது, அவர்கள் தாளில் ஒட்டவே மாட்டார்கள். அதனால் அவளிடம் குறை தேடினேன். நிறையக் கிடைத்தது, நிம்மதியாக இருந்தது.

ஒன்று, கறார்த்தனம். மனுவில் கையெழுத்தைக் கோணலாகப் போட்ட ஒரு பாட்டாளிப் பெண்ணை, வேலை முடிந்து இடுப்பொடிந்து வந்த நேரத்தில், இன்னொரு தாளில் திரும்பப் போட வைத்திருக்கிறாள். இரண்டு, பிடிவாதம். படிவம் நிரப்ப வந்த தெருப் பெண்களுக்கு வரிசை எண் கொடுத்து உட்கார வைத்த அன்று, பெற்ற அம்மா அவசரம் என்று முன்னால் வந்தபோது, "வரிசைன்னா வரிசைதான்" என்று கடைசிக்கு அனுப்பினாள். (அம்மா இதைச் சொல்லும்போது ஏனோ பெருமையாகச் சொன்னார்.) என் மேசையில் இருந்த பிஸ்கட்டைக் கேட்காமலே எடுத்துத் தின்பாள்.

பெரிய குறை ஒன்று உண்டு. கல்லூரிக் கையேட்டின் பதினாறாம் விதி: தவறான விவரம் கொடுத்துச் சேர்ந்தது தெரியவந்தால் சேர்க்கை ரத்து. அதை முதல் வாரமே படித்துவிட்டாள். அதற்கு ஒரு மாதம் முன்னால், தன் சேர்க்கைப் படிவத்தில், தாயின் தொழில் என்ற இடத்தில், பழக்கத்தில் "வீட்டில் இருக்கிறார்" என்று எழுதி, மேற்கண்ட விவரங்கள் உண்மை என்று கையெழுத்தும் போட்டிருந்தாள். ஒன்றரை வருடம் அதை மென்று விழுங்கிக்கொண்டு இருந்தாள். எல்லாப் பிள்ளைகளுக்கும் விதி சொல்லிக் கொடுத்தவள் இந்த ஒரு விதியைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. பயந்தாள். பயப்படத்தானே செய்வாள், கையில் இருந்தது அந்த ஒரு கல்லூரி இடம்தான்.

6

விசாரணையின் இரண்டாம் அமர்வு.

இந்தக் காட்சியை நான் போன வாரம் முதலில் வேறு மாதிரி எழுதினேன். அதில் மேசையின் மேல் ஒரு பச்சை விரிப்பு இருந்தது. முப்பத்தேழு பெண்களும் எழுந்து வந்து, அதன் நுனியை இரண்டே விரலால் தூக்கி, இரண்டு தடவை உதறி, ஊசி விழும் சத்தத்துக்குக் காது கொடுத்து நின்றார்கள். அறையே உறைந்துபோனது. அருமையாக வந்திருந்தது. ஃபாரத்திடம் காட்டினேன். "அங்க மேசை விரிப்பே இல்லையே மேடம்," என்று பிஸ்கட்டை எடுத்துக்கொண்டாள். இரண்டு பக்கத்தையும் கிழித்துப் போட்டேன்.

நடந்தது இது. விசாரணை அதிகாரி, என் வயதுப் பெண்மணி, நடுவில். ஒருபுறம் ஒப்பந்தக்காரரின் வக்கீல். எதிர்ப்புறம் முப்பத்தேழு பெண்கள், வேலை நேரம் மாற்றிக்கொண்டு வந்தவர்கள். அவர்கள் சார்பில் பேச வக்கீல் வேண்டாம், எங்கள் ஃபாரம் போதும் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். கதவோரம், மகளுக்குச் சாப்பாட்டு டப்பா கொண்டுவந்த சாக்கில், அம்மா நின்றுகொண்டிருந்தார்.

வக்கீல் ஒரு கட்டுக் காகிதத்தை மேசையில் பரப்பினார். நகராட்சியின் வீட்டு விவரப் படிவ நகல்கள், முப்பத்தேழு. ஒவ்வொன்றிலும் அந்தப் பெண்ணின் தொழில்: வீட்டில் இருக்கிறார். இவர்கள் சலவைக் கூடத்தில் வேலை செய்ததே இல்லை, இவர்களே எழுதித் தந்த சாட்சி இது என்றார். எல்லாம் ஒரே கையெழுத்தாக இருப்பதையும் அவரே காட்டினார். யாருடையது என்று கேட்டார். ஃபாரம் எழுந்து, என்னுடையது என்றாள். பெண்கள் பக்கத்தில் ஒரு முனகல் எழுந்து அடங்கியது.

வக்கீல் சிரித்தார். "வருஷக்கணக்கா பொய் எழுதிப் பழகின கை. இன்னைக்கு மட்டும் நெஜம் எழுதுமாம்மா?"

இது வரைக்கும் என் பதிவில் இருக்கிறது. இதற்கு அடுத்த வரி இல்லை.

ஏனென்றால் அந்தப் பெண் குனிந்து தன் பையைத் திறந்தாள். உள்ளேயிருந்து ஒரு தாளை எடுத்து வக்கீலின் காகிதங்களுக்கு மேலே வைத்தாள். அவளுடைய கல்லூரிச் சேர்க்கைப் படிவத்தின் நகல். யாரும் அதைக் கேட்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே அந்த அறையில் யாருக்கும் தெரியாது.

தெருப் பழக்கத்தைச் சொன்னாள். தள்ளி உட்கார வைக்கப்பட்ட குழந்தையைச் சொன்னாள். முப்பத்தேழு படிவமும் தப்பு, எழுதியது நான், எழுதச் சொன்னது பயம் என்றாள். முப்பத்தெட்டாவது இது, இதிலும் அதையேதான் எழுதியிருக்கிறேன், என் அம்மாவும் அங்கேதான் துவைக்கிறார் என்றாள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இதைச் சொன்னால் உனக்கு என்ன ஆகும் என்று தெரியுமா அம்மா என்று கேட்டார். பதினாறாம் விதியை ஒரு சொல் தப்பாமல் ஒப்பித்தாள். அப்புறம் வக்கீல் பக்கம் திரும்பினாள்.

"பொய் சொன்னா நான் படிச்சு முடிப்பேன் சார். நெஜம் சொன்னா என் காலேஜ் போயிடும். இப்ப நான் எதைச் சொல்றேன்னு நீங்களே பாத்துக்குங்க."

சொல்லிக்கொண்டே அந்தப் படிவ நகலை அவர் பக்கம் நகர்த்தினாள்.

இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ பேர் அந்த அறையில் உண்மை சொல்லிக் கேட்டிருக்கிறேன். தனக்கு வரப்போவதைப் பக்க எண்ணோடு தெரிந்துவைத்துக்கொண்டு ஒருவர் சொல்லி அன்றுதான் பார்த்தேன். வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். பத்தொன்பது வயதுப் பெண். இவளுக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தது? ஒருவரும் இல்லை. நினைவு வந்து கீழே பார்த்தபோது என் பேனா தாளின் மேல் ஒரே இடத்தில் நின்று, மை ஊறிப் பெரிய வட்டமாகியிருந்தது.

7

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அம்மா என் அறைக்கு வந்தார். பதிவில் அந்த நான்கு நிமிடம் விடுபட்டிருக்கிறது என்று எப்படியோ காதுக்கு எட்டியிருக்கிறது. (அலுவலகக் காவலாளி. அவரைப் பற்றித் தனியாக ஒரு கதை எழுதிப் பழி தீர்ப்பேன்.) உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மேடம், அது அப்படியே காலியா இருக்கட்டும். உங்க கால்ல வேணாலும் விழறேன். அவ படிச்சிடட்டும்."

எனக்கும் அதுதான் ஆசை என்று சொல்லிவிட்டேன். பதிவில் இல்லாவிட்டால் அவள் சொன்னதாகவே ஆகாது. முப்பத்தேழு பேர் மனு தோற்கலாம். அவள் மட்டும் பிழைத்துக்கொள்வாள். திருட்டுக்குக் கூட்டுச் சேர்ந்த மாதிரி இருந்தது.

ஒன்பதரைக்கு ஃபாரம் வந்தாள். அம்மாவைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். என்னிடம் பதிவை வாங்கி அந்தப் பக்கத்தை எடுத்தாள். மை வட்டத்தைப் பார்த்தாள். எனக்கு அவமானத்தில் முகம் சுட்டது. விட்டுப்போனதைச் சேர்க்க விதி இருக்கிறதே என்றாள். இல்லாமல் இருக்குமா, அவள் படிக்காமல்தான் இருப்பாளா? பேசியவர் திரும்பச் சொல்லலாம், ஆனால் அன்று அறையில் இருந்து காதால் கேட்ட வேறொருவர், இப்படித்தான் சொன்னார் என்று மறுநாள் பன்னிரண்டு மணிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். மனு கொடுத்தவர்கள் போடக் கூடாது, எதிர்த்தரப்பும் கூடாது. தப்புச் செய்த எழுத்தரும் கூடாது. அதிகாரி அன்று வெளியூர்.

அன்று அறையில் இருந்தவர், மனுவில் இல்லாதவர் ஒரே ஒருவர்தான்.

மகள் திரும்பச் சொன்னாள், நான் எழுதினேன். இந்தத் தடவை கை நிற்கவில்லை. எழுதி முடித்துத் தாளை மேசையின் விளிம்புக்குத் தள்ளினேன். மணி பத்து. பிறகு பத்தே முக்கால். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். மகள் கெஞ்சவில்லை, திட்டவும் இல்லை. ஒரே ஒரு தடவை மட்டும் சொன்னாள்: "சித்தி கண்ணு நேத்து இன்னும் மஞ்சளா இருந்துச்சும்மா."

அதற்குப் பிறகும் அம்மா அங்கேயே நின்றார். எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை.

திரும்பி வந்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். சாட்சியின் பெயர், முகவரி, தொழில், கையெழுத்து. மகள் பழக்க தோஷத்தில் பேனாவை எடுத்து நிரப்பத் தொடங்கினாள். அம்மா அவள் கையிலிருந்து அதை வாங்கினார்.

"குடு. இதை நான் எழுதுறேன்."

தன் பெயரைத் தவிர வேறு எதையும் எழுதி அவருக்குப் பல வருடம் ஆகியிருந்தது. எழுத்து ஒவ்வொன்றாக, அழுத்தி, வரிக்கு மேலும் கீழுமாகப் போனது. ஆஸ்பத்திரித் துணி துவைக்கிறேன் என்று எழுதினார். கொஞ்சம் யோசித்து, பத்தொன்பது வருடமாக என்று சேர்த்தார். மகள் கைக்குட்டையைத் தேடிக் கிடைக்காமல் பின்னலின் நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். நான் (அழுகிறார்) என்று போடவில்லை, ஏனென்றால் மூன்று பேர் பெயரைப் போட வேண்டியிருந்திருக்கும்.

8

ஒன்பதாம் நாள் உத்தரவு வந்தது. துணியைத் தொடுகிற எல்லோருக்கும் பரிசோதனை, தடுப்பூசி, கனத்த கையுறை. முப்பத்தெட்டுப் பேருக்கும் ரத்தம் எடுத்தார்கள், அம்மாவையும் சேர்த்து. ஆறு பேருக்கு ஈரலில் தொற்று தெரிந்தது, நேரத்தோடு தெரிந்ததால் வைத்தியம் நடக்கிறது. சித்திக்கு வார்டில் படுக்கை கிடைத்திருக்கிறது. விரிப்பைத் தானே ஒரு தடவை உதறிப் பார்த்துவிட்டுத்தான் படுத்தாராம்.

பத்தாம் நாள் யாரோ அந்தப் பதிவின் நகலைக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். அதனால்தான் இந்தப் பெஞ்ச்.

இனி முடிவு. மூன்று எழுதிப் பார்த்தேன்.

அ. குழு எழுந்து நின்று கை தட்டுகிறது. முதல்வர் கண்ணைத் துடைத்துக்— (என் வீட்டுக்காரருக்குப் பிடிக்கும். அடித்துவிட்டேன்.)

ஆ. இடம் பறிபோகிறது. அவள் தெருவுக்குத் திரும்பி, பெரிய தலைவியாகி, இருபது வருடம் கழித்து இதே கல்லூரி அவளை மாலையோடு— (இதை எழுதும்போது எனக்குக் கோபம்தான் வந்தது. தலைவி ஆவதற்கு அவள் ஏன் படிப்பை விலையாகக் கொடுக்க வேண்டும்? இரண்டையும் வைத்துக்கொள்ளக் கூடாதா? மற்றவர்கள் வைத்துக்கொள்கிறார்களே.)

இ. நான் உள்ளே போய், அந்தப் பகுதி மறுநாள் எழுதியது, நம்ப வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். அவள் மேலான குற்றச்சாட்டு நிற்காமல் போய்விடுகிறது.

மூன்றாவதை இன்று காலை அவளிடமே கேட்டேன். சிரித்தாள், அவள் சிரித்து நான் பார்த்தது இரண்டாவது தடவை.

"அந்தத் தாள் செல்லாதுன்னு நீங்க சொன்னா என் சீட்டு தப்பிச்சுடும் மேடம். அப்புறம் அந்த உத்தரவையும் செல்லாதுன்னுவாங்க. மறுநாள் எழுதினதையும் சொல்லுங்க, நான் சொன்னது அதுதாங்கறதையும் சொல்லுங்க. ரெண்டும் நெஜம்தானே?"

நடைபாதையில் இப்போது சத்தம். இடைவேளைக்கு அனுமதி வாங்கிக்கொண்டு சலவைக் கூடத்துப் பெண்கள் வந்திருக்கிறார்கள். எண்ணினேன், பத்தொன்பது பேர். சுமார் இல்லை. சுவரோரமாக வரிசையில் நிற்கிறார்கள், அப்படி நிற்கச் சொல்லி உத்தரவு போட்டது யாரென்று சொல்ல வேண்டியதில்லை. வகுப்புகளிலிருந்து மாணவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். அவர்களில் சிலரும் வந்து வரிசையின் கடைசியில் நின்றுகொண்டார்கள். அம்மா எழுந்து அவர்கள் பக்கம் போனார். ஒரு மாணவி, ஆன்ட்டி நீங்க என்ன பண்றீங்க என்று கேட்பது காதில் விழுகிறது. அம்மா பதில் சொல்கிறார், சத்தமாகவே சொல்கிறார்.

அலுவலக உதவியாளர் வெளியே வந்து, பதிவு எழுதியவரை உள்ளே கூப்பிடுகிறார்கள் என்கிறார்.

இருபத்தாறு வருடம் பிறர் பேசியதை எழுதினேன். இன்றைக்கு நான் பேச வேண்டும். கதவு திறந்திருப்பதால் உள்ளே கொஞ்சம் தெரிகிறது. மேசைக்குப் பின்னால் மூன்று நாற்காலிகள். இரண்டில் இருப்பவர்களைப் பார்த்துவிட்டேன், ஒருவர் தலையாட்டுகிற ஆள், ஒருவர் உதட்டைப் பிதுக்குகிற ஆள். மூன்றாவது நாற்காலியைக் கதவு மறைக்கிறது. அதில், இதைப் படிக்கிற உங்களை உட்கார வைத்திருக்கிறேன். என் கதையில் எனக்கு இந்த ஓர் அதிகாரம்தான் மிச்சம்.

உங்கள் முன்னால் கையேடு இருக்கும், பதினாறாம் விதியில் விரல் இருக்கும். அதன் பக்கத்தில் அவளுடைய படிவமும் என் தாளும். எதிரில் நிற்கிறவள் உங்களிடம் கெஞ்ச மாட்டாள். விதி என்ன என்று கேட்டால் உங்களுக்கு முன்னால் அவளே சொல்லிவிடுவாள். அவளை ஒரு நிமிடம் நன்றாகப் பாருங்கள். பார்த்துவிட்டு முடிவை எழுதுங்கள், உங்கள் கை நிற்காமல் எழுதினால்.

இதோ, உள்ளே வருகிறேன்.